ஆள் கணக்கில் வராதவள்

"வீணா? நான் வீணாடா? இன்னொரு தடவை வாயைத் திறந்து சொல்லு பார்ப்போம்!"

"அண்ணி, நான் உங்களைச் சொல்லலை. அந்த நேரத்தைத்தான் சொன்னேன்."

"அந்த நேரத்துல அங்க நின்னுக்கிட்டு இருந்தது யாரு? உங்க ஆபீஸ் முதலாளியா?"

"அது ஒரு வகைப்பாடு அண்ணி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அப்படித்தான் போடுவோம். பச்சைன்னா வாடிக்கையாளருக்குப் பயன். சிவப்புன்னா தவிர்க்கலாம்."

"அதைத்தான் நானும் கேக்குறேன். நின்னு நின்னு கால் ரெண்டும் வீங்கிப் போனவ சிவப்பு. உக்காந்த இடத்துல காப்பி குடிச்ச நீ என்ன கலருடா?"

லாண்டரிக் கடையின் ஷட்டர் பாதிதான் இறங்கியிருந்தது. வெளியே நின்றவர்களுக்கு உள்ளே மூன்று ஜோடிக் கால்கள் மட்டும் தெரிந்தன. முன்னே முன்னே வந்துகொண்டிருந்தவை அண்ணியின் கால்கள். பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தவை கொழுந்தனுடையவை. பளபளவென்று ஷூ போட்டிருந்தான். இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் ஆணி அடித்ததுபோல் அசையாமல் நின்றவை அவள் புருஷன் லாண்டரிக்காரருடையவை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். யாருக்கும் வேலை கிடையாது. கால் தெரிந்தால் என்ன, முகம் தெரிந்தால் என்ன, காதுக்கு ஷட்டர் உண்டா? மருந்துக்கடைக்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அவர் போட்டிருந்த செருப்பில் வாரே இல்லை.

அண்ணி என்பது அவளுடைய பெயரல்ல. கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது மூத்த மருந்துக்கடைக்காரருக்கும் அண்ணி. எதிர்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சருக்கும் அண்ணி. அவள் கல்யாணமாகி வந்தபோது கொழுந்தன் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். சோறு கட்டிக் கொடுத்து, பரீட்சைக்கு எழுப்பிவிட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து ஆளாக்கியவள் அவள். இதை அவளே சொல்ல மாட்டாள். சொல்லத் தேவையும் இல்லை. தெருவில் எல்லோரும் பார்த்தவர்கள்தானே.

அப்படி ஆளானவன் போய்ச் சேர்ந்தது ஒரு பெரிய கன்சல்டிங் கம்பெனியில். அன்றைக்குத் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தவளும் அவள்தான்.

"என்ன வேலை அண்ணி?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் ஆலோசனை சொல்ற வேலை."

"அதுக்குச் சம்பளமா? இந்தத் தெருவுல நாங்க எல்லாரும் இலவசமா இல்ல சொல்லிக்கிட்டு இருக்கோம்!"

சிரித்தார்களே தவிர, வயிற்றெரிச்சல் இல்லாமலில்லை. திங்கட்கிழமை விடியுமுன் அவன் சக்கரம் வைத்த பெட்டியை மாடிப்படியில் கடகடவென்று இறக்குவான். தெரு கண் விழிப்பதே அந்தச் சத்தத்தில்தான். 'சக்கரப்பெட்டி' என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. போவது விமானத்தில், தங்குவது வெந்நீரும் குளிரூட்டியும் உள்ள ஹோட்டலில், சாப்பாட்டுக்கு எவனோ ஒரு முதலாளி காசு. ஒரு மாதம் சிமென்ட் ஆலைக்குள் இருப்பான். அடுத்த மாதம் ஆஸ்பத்திரி. அதற்கடுத்தது ஐஸ்கிரீம் கம்பெனி. தெருவில் மற்றவர்கள் ஆயுசு முழுக்க ஒரே நாற்காலியைத் தேய்த்தபோது அவன் மூன்று வருஷத்தில் உலகத்துத் தொழில்களையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டான். தலை நரைத்த முதலாளிகள் எதிரே உட்கார்ந்து நேற்று மீசை முளைத்த இந்தப் பையன் சொல்வதைக் குறித்துக்கொள்வார்களாம். பெண் வைத்திருந்தவர்களெல்லாம் லாண்டரியில் திடீரென்று நிறையத் துணி போட ஆரம்பித்தார்கள்.

அண்ணிக்கு ஒரே ஒரு குறைதான். அவனுடைய சட்டைகளை ஹோட்டலிலேயே துவைத்து அட்டை வைத்து மடித்துக் கொடுத்துவிடுவார்கள். "லாண்டரி வீட்டுப் பிள்ளையோட சட்டையை எவனோ துவைக்கிறான். காலரைப் பாரு, இப்படியா இஸ்திரி போடுவாங்க?" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புலம்புவாள். பிறகு அவளே மறுபடி இஸ்திரி போடுவாள்.

அந்த வேலையின் மறுபக்கமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஜெலுசில் மாத்திரை அட்டை அட்டையாகக் கிடக்கும். சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கையில் போன். நண்பன் கல்யாணத்துக்கு மாலை வாங்கிவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஏர்போர்ட்டுக்குப் போனவன் அவன். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம்: ஏறு, இல்லையென்றால் இறங்கு. குறிப்பிட்ட காலத்துக்குள் அடுத்த படிக்குப் போகாதவனைத் தோளில் தட்டி, கேக் வெட்டி, வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். திட்டமாட்டார்கள். சிரித்துக்கொண்டே அனுப்புவார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை என்று ஒருதடவை அவன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறான்.

இந்த வருஷம் அவனுடைய முறை. படியேற ஆசைப்படுகிறவர்கள் ஒரு சின்னக் கடைக்கு இலவசமாக ஆலோசனை சொல்லி, அதை முன்னேற்றிக் காட்ட வேண்டும் என்று கம்பெனியில் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார்கள். சமூகப் பொறுப்பாம். ஊரில் எத்தனையோ சின்னக் கடை இருக்க, பையன் நேரே வீட்டுக்குக் கீழேயே ஒன்று இருக்கிறதே என்று யோசித்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்ததாம். அது யார் தலையில் விழுந்தது என்பது பிறகுதானே தெரிந்தது.

இரண்டு சனிக்கிழமை கடையிலேயே உட்கார்ந்து பார்த்தான். இஸ்திரி மேஜைப் பக்கத்தில் ஸ்டூல், மடியில் லேப்டாப், கையில் நேரத்தைக் கணக்கெடுத்து ஓடிக்கொண்டிருந்த போன். அண்ணி ஸ்டூலுக்கு மெத்தை போட்டுக் கொடுத்தாள், காப்பி கொடுத்தாள், மின்விசிறியைத் தன் பக்கமிருந்து அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் அழகாகச் சிரித்துக் கேள்வி கேட்டான். அந்தச் சிரிப்பு கம்பெனியில் சொல்லிக் கொடுத்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"கடையில மொத்தம் எத்தனை பேர்ணா?"

"ரெண்டு பேர். நான் ஒருத்தன், இஸ்திரிக்காரர் ஒருத்தர்" என்றார் லாண்டரிக்காரர்.

அதைச் சொன்னபோது அண்ணி ஒரு கையில் யாரோ ஒருவருடைய கோட்டையும் வாயில் குண்டூசியையும் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் நின்றாள். அந்த நிமிஷம் அவளுக்கே உறைக்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் ரெண்டு என்றுதான் சொல்லியிருப்பாள். சம்பளம் வாங்குகிறவன் ஆள், முதலாளி ஆள். இவள் அந்த வீட்டுக் காற்று, தண்ணீர் மாதிரி. தண்ணீரை யாராவது ஆள் என்று எண்ணுவார்களா?

அவள் அங்கே என்ன செய்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துணி வாங்கினாள், துணி கொடுத்தாள். நடுவில் பேசினாள். பேசினாள் என்றால், அந்தத் தெருவுக்கு லாண்டரிதான் செய்தித்தாள். யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார், எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது, எல்லாம் துணி வாங்குகிற அந்த மரப்பலகைமேல்தான் கைமாறும். டீச்சர் வீட்டு ஜன்னல் திரை வாரத்துக்கு ஒருமுறை அழுக்கானது. அந்த வீட்டில் ஜன்னலே இரண்டுதான். மருந்துக்கடைக்காரரின் வெள்ளை அங்கி துவைக்காமலேயே வெளுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் கொண்டுவந்து போடுவார். துணியா முக்கியம்?

இரண்டு சனிக்கிழமையும் பார்த்ததைத்தான் பையன் ஞாயிற்றுக்கிழமை சுவரில் வெளிச்சம் பாய்ச்சிக் காட்டினான். கட்டம் கட்டமாக வரைந்திருந்தான். துணி வாங்குதல் பச்சை. துவைத்தல் பச்சை. இஸ்திரி பச்சை. நடுவில் மற்ற எல்லாக் கட்டங்களையும்விடக் கொழுத்த ஒரு சிவப்புக் கட்டம். அதற்குள் 'பேச்சு: வீண்' என்று எழுதியிருந்தது. அதுதான் சண்டையின் பிறப்பிடம்.

"அப்ப நீ என்னதான் பண்ணச் சொல்ற?" என்று அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணுமே பண்ண வேண்டாம்னு சொல்றேன் அண்ணி. நீங்க மேல போய் ரெஸ்ட் எடுங்க. டோக்கன் மிஷின் ஒண்ணு வைக்கிறோம். துணியைக் கூடையில போட்டுட்டு டோக்கன் எடுத்துக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம். இஸ்திரிக்காரரே அலமாரியில அடுக்கிடுவார். ரெண்டு பேரே போதும். ஏற்கனவே ரெண்டு பேர்தானே!"

"அப்ப நான் யாருடா?"

"நீங்க அண்ணி."

வெளியே குனிந்திருந்த மருந்துக்கடைக்காரர், "அடப்பாவி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அண்ணி புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கேட்டுக்கிட்டுத்தானே நிக்கிறீங்க? வாயில கொழுக்கட்டையா?"

லாண்டரிக்காரர் நல்ல மனிதர்தான். கெட்டவர் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். ஆனால் படித்த தம்பி முன்னால் அவருக்கு எப்போதுமே முழங்கால் கொஞ்சம் மடங்கும். "சும்மாவா சொல்றான்? இவன் யோசனைக்கு வெளியில லைன் கட்டி நிக்கிறாங்க. நமக்கு வீடு தேடி வந்து சொல்றான். கொஞ்ச நாள் பார்ப்போமே. நீயும் முதுகு வலி, முதுகு வலின்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தே."

"முதுகு வலிச்சா வைத்தியம் பண்ணணும். முதுகையே கழட்டி மாடியில வைக்கச் சொல்றான் உங்க தம்பி, நீங்க தலையாட்டுறீங்க!"

ஷட்டரைப் படீரென்று மேலே தள்ளினாள். வெளியே குனிந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து ஒரே ஆகாயத்தைப் பார்த்தார்கள். "மழை வருமான்னு பாக்குறோம்" என்றார் டீச்சர். அண்ணி அவர்களை முறைத்துவிட்டு மாடி ஏறிப் போனாள்.

மறுநாள் தம்பி லீவு போட்டுவிட்டு நின்று, புதிய ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தான். டோக்கன் மிஷின் வந்தது. தரையில் மஞ்சள் கோடு வந்தது. மணி அடித்தால் முன்னே வர வேண்டும். எல்லாம் கனகச்சிதம். அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? ரெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள் அல்லவா, எடுத்தாள். கடைக்கு நேர் மேலே இருக்கிற ஜன்னலைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தெருவுக்கே தெரியும்படி உட்கார்ந்து ரெஸ்ட் எடுத்தாள். கையில் ஒரு தட்டு வறுத்த கடலை.

டீச்சர் திரையோடு வந்தார். கூடையில் போட்டார், டோக்கன் எடுத்தார். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் மஞ்சள் கோட்டில் நின்றார். "அடுத்தவங்களுக்கு வழி விடுங்க மேடம்" என்றான் தம்பி சிரித்துக்கொண்டே. டீச்சர் வெளியே வந்து தலையை உயர்த்தினார்.

"அண்ணி! அந்த வடக்கு மூலை வீட்டுச் சேதி என்னாச்சு?"

"அதுவா? அது பெரிய கதை!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே கூட்டம். எல்லோர் கையிலும் டோக்கன், எல்லோர் கழுத்தும் மேலே. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. உள்ளே இஸ்திரிக்காரர் இஸ்திரி போடுவதா, கூடை தூக்குவதா என்று தெரியாமல் ஒருவருடைய கால்சட்டையைத் தீய்த்துவிட்டார். லாண்டரிக்காரர் வெளியே ஓடிவந்து அண்ணாந்தார்.

"ஏம்மா! பல் டாக்டரோட நீலக் கோட்டு எங்க வச்சே? அவர் வந்து நிக்கிறார்!"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் ஆளே இல்லையே. வேணும்னா ஆலோசனை சொல்றேன். நல்லாத் தேடிப் பாருங்க."

தெரு கைதட்டியது. அவள் சிரிக்கவில்லை. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு, கீழே தன்னுடைய இடத்தில் ஒரு இயந்திரம் 'டிங்' என்று அடிப்பது ஒவ்வொரு தடவையும் உச்சந்தலையில் விழுந்தது.

மத்தியானம் கொழுந்தன் பெட்டியை எடுக்க மாடிக்கு வந்தான். அடுக்களை வாசலில் நின்றான். அந்த ஆபீஸ் சிரிப்பு இப்போது இல்லை.

"அண்ணி, எனக்குச் சாயங்காலம் ஃபிளைட்."

"கீழ நாறிக்கிட்டு இருக்கு. நீ பறக்கிறியா?"

"நாளைக்கு அங்க மீட்டிங். நான் இல்லாம முடியாது."

"இங்க மட்டும் நீ இல்லாம முடியுமா? எல்லா இடத்துலயும் இதே வேலைதானா உனக்கு? வருவே, கோடு போடுவே, பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவே. பின்னால அங்க இருக்கிறவன் அழுறானா சிரிக்கிறானான்னு ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கியாடா?"

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "இல்லை அண்ணி. நான் போட்ட திட்டத்துல ஒண்ணாவது நடந்துச்சா, இல்லையான்னு எனக்குத் தெரியாது. கேக்க நேரம் கிடைக்காது, அதுக்குள்ள அடுத்த ஊர். முதல் வருஷம் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. வேலையை விட்டுடலாம்னு தோணும். ஆனா நம்ம மாதிரி வீட்டுப் பையனை வேற எவன் அந்த மாதிரி ரூமுக்குள்ள விடுவான், சொல்லுங்க? அறிவாளிங்களோட உக்காந்து பேசுறேன். ஒரு வாரத்துல ஒரு புதுத் தொழிலையே கத்துக்கிறேன். அந்தப் போதை வேற எதுலயும் இல்லை."

"கத்துக்கோ. யாரு வேண்டாம்னா? எங்க வயித்துல அடிச்சுக் கத்துக்காதே."

"வியாழக்கிழமை ஆபீஸ்ல இருந்து அண்ணாவுக்குப் போன் வரும். ஏற்பாடு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. குடும்பத்தோட பேசணும்பாங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க அண்ணி. இல்லைன்னா எனக்குக் கேக் வெட்டிடுவாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைக் கழித்துவிட்டு, கழித்தது நல்லது என்று தன் வாயாலேயே சொல்லச் சொல்கிறானே. இருந்தும் அவன் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்கும் இதே கருவளையம்தான். "ஃபிளைட்டுக்கு நேரமாச்சு, போ" என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடகடவென்று சக்கரம் படி இறங்கியது.

ஜன்னல் கூட்டம் புதன்கிழமையோடு சலித்துவிட்டது. எத்தனை நேரம்தான் அண்ணாந்து பேசுவது, கழுத்து என்ன ரப்பரா? பேச்சு போனதும் துணியும் போனது. டீச்சர் வீட்டுத் திரை அழுக்காவதை நிறுத்திக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் அங்கியைத் தன் வீட்டிலேயே துவைக்க ஆரம்பித்தார், அதாவது துவைக்காமலேயே விட்டுவிட்டார். மஞ்சள் கோடு மட்டும் பளிச்சென்று கிடந்தது, மிதிக்கத்தான் ஆளில்லை. லாண்டரிக்காரர் இதைப் பார்க்காமலில்லை. ஆனால் பார்த்ததை ஒத்துக்கொண்டால் தம்பி தப்பு என்றாகிவிடும். தம்பி தப்பு என்றால் தன் வாழ்நாள் பெருமையே தப்பு. அதனால் மிஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை அவரே மாடிக்கு வந்து கூப்பிட்டார். "போன் வர நேரம். நீயும் கொஞ்சம் கீழ வா. தம்பி சொன்னான்ல, குடும்பமா இருக்கணுமாம்."

அவள் போனாள். ஏன் போனாள் என்று தெரு பிற்பாடு ரொம்ப நாள் விவாதித்தது. அவள் போனது ஒரே ஒரு காரணத்துக்காக. புருஷன் வாயால் ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாள். சண்டையில் வராத வார்த்தை, வெளியாள் கேட்டாலாவது வரும் அல்லவா.

போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். ஒரு பெண் குரல், தேன் தடவியதுபோல. ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டது. "பிரமாதம்" என்றார் லாண்டரிக்காரர். நேரம் மிச்சமா என்று கேட்டது. "நிறைய மிச்சம்" என்றார். அது உண்மைதான். காலையிலிருந்து அவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கூட யார் சார் இருக்காங்க?"

"என் ஒய்ஃப்."

"வணக்கம் மேடம். கடையில நீங்க என்ன பொறுப்பு பார்க்கிறீங்க?"

அண்ணி புருஷனைப் பார்த்தாள். எல்லாமே அவதாங்க என்று சொல்லியிருக்கலாம். பாதி கடை அவளோடதுதான் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் சொல்லாமல் போனை அவள் பக்கம் நகர்த்தியிருந்தால்கூடப் போதும். லாண்டரிக்காரர் இஸ்திரிக்காரரைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், போன்மேல் குனிந்தார்.

"அவங்க வீட்டுலதாங்க. சும்மாதான் இருக்காங்க."

"ஓ, சரி சார். அப்ப ஆட்கள் எண்ணிக்கை ரெண்டுன்னே போட்டுக்கிறேன்" என்றது குரல்.

இஸ்திரிக்காரர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை ஓசை வராமல் கீழே வைத்தார். அந்த மனிதர் பிற்பாடு சொல்லித்தான் மிச்சக் கதை தெருவுக்குத் தெரியும். அண்ணி கத்துவாள் என்று அவர் நினைத்தாராம். அவள் கத்தவில்லை. மேஜைமேல் குனிந்து போனிடம் பேசினாள்.

"நல்லா எழுதிக்கோம்மா. ரெண்டு. இந்த நிமிஷம் வரைக்கும் அது தப்பு. இப்பச் சரியாயிடுச்சு."

"மேடம், எனக்குப் புரியலை."

"உனக்குப் புரிய வேண்டாம். எங்க பையன் நல்லாத்தான் வேலை செஞ்சான். எண்ணச் சொன்னதை எண்ணினான். மார்க்கைப் போட்டுடு."

சொல்லிவிட்டுக் குண்டூசி டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினாள். அது அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. புருஷன், "ஏம்மா, ஏம்மா, இப்ப என்ன சொல்லிட்டேன்?" என்று பின்னாலேயே வந்தார். அந்தக் கேள்விதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கோபத்தைக் கிளப்பியது. என்ன சொன்னோம் என்றே தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு!

அவள் போனது தெருமுனைத் தையற்கடைக்கு. அதை நடத்தியவள் புருஷன் இல்லாத, வாய்த்துடுக்கான ஒருத்தி. ஊசி அக்கா என்றால்தான் தெரியும். நாக்கும் ஊசிதான்.

"என்னடி, பெட்டி படுக்கை இல்லாமக் கிளம்பி வந்துட்டே?"

"வீட்டை விட்டு வரலைக்கா, கடையை விட்டுத்தான் வந்தேன். உன் கடையில முன்னால உக்கார ஆள் வேணுமா?"

"சம்பளம் கேப்பியே?"

"கண்டிப்பா கேப்பேன். வாரத்துல ஒரு நாள் லீவும் கேப்பேன். யாராவது வந்து கடையில எத்தனை பேருன்னு கேட்டா என்னையும் சேர்த்துச் சொல்லணும். அது முதல்ல."

ஊசி அக்கா பல்லில் கடித்திருந்த நூலை அறுத்தாள். "இதென்ன பெரிய வரமா? இப்ப மூணு பேரு, இனிமே நாலு பேருன்னு சொல்லிட்டாப் போச்சு. உக்காரு."

அடுத்த வாரமே தெரு முழுக்கத் துணி கிழிய ஆரம்பித்தது. பித்தான் அறுந்தது, ஓரம் பிரிந்தது, இடுப்பு பெருத்தது. தைக்கக் கொடுக்கிற துணியைத் துவைத்தும் கொடுங்களேன் என்று ஆட்கள் கேட்டார்கள். ஊசி அக்காவிடம் துவைக்க இடமேது? அதனால் துணி மூட்டை கட்டி லாண்டரிக்கே போனது. லாண்டரிக்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் தையற்கடையின் வேலையாக. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் வந்து நிற்பார். பெண்டாட்டி முன்பக்கத்திலிருந்து எழுந்து வந்து எண்ணி வாங்குவாள். ஒரு காலர் சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவாள்.

வீட்டில் ஒரே கூரைதான், ஒரே அடுப்புதான். "வந்துடேன்மா, கடைப் பெயர்ப்பலகைல உன் பேரையே போட்டுடறேன்" என்று அவர் பிற்பாடு சொல்லிப் பார்த்தார். "கேக்கிறப்போ சொல்லியிருக்கணும்ங்க. இப்ப எனக்கு வேலை இருக்கு" என்று அவள் காலை ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கொடுமை என்று சிலர் சொன்னார்கள். அவர்களில் ஆண்களே அதிகம்.

கொழுந்தனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்த லாண்டரியைப் பெரிய மண்டபத்தில் படம் போட்டுக் காட்டி, 'ஒரு குடும்பக் கடையின் மறுபிறப்பு' என்று அவன் பேச, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். மறுபிறப்பு வேண்டுமென்றால் முதலில் சாக வேண்டும் என்பதை அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை.

அடுத்த வருஷம் அவன் அதே கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். கெட்டிக்காரப் பெண். அவளுக்கும் ஒரு சக்கரப்பெட்டி. கல்யாண மண்டபத்தில் அண்ணியைத் தனியே கூப்பிட்டு, "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றான். "நல்லா இரு. ரெண்டு பேரும் ஒரே ஊர்ல இருங்க. ஆனா என்னைச் சிவப்புல போட்டது போட்டதுதான்" என்றாள். இரண்டு வருஷம் வெவ்வேறு ஊர் ஹோட்டல்களில் குடித்தனம் நடத்திய பிறகு, அவன் வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியில் சேர்ந்தான். இருவரும் அங்கேயே குடிபோய்விட்டார்கள். மனைவி மட்டும் பழைய கம்பெனியின் அந்த ஊர்க் கிளையிலேயே இருந்து இன்னும் இரண்டு படி ஏறிவிட்டாள் என்று கேள்வி.

லாண்டரியின் முன்பக்கத்தை மருந்துக்கடைக்காரர் வாடகைக்கு எடுத்துக்கொண்டார். ஊசி அக்கா ஒரு பஸ் டிரைவரை மறுமணம் செய்துகொண்டு, கடையில் பாதியை அண்ணி பேருக்கு எழுதி வைத்தாள். இஸ்திரிக்காரர் மகளுக்குக் கல்யாணமாகி, அவரும் மருமகன் ஊருக்கே போய்விட்டார். லாண்டரியில் இப்போது ஆள் கணக்கு ஒன்று.